சுவரை எடுத்தால் சுமை எங்கே போகும்?
வெள்ளை மாளிகை விரிந்த கதை

பழைய வீடு ஒன்று இருக்கிறது. குடும்பம் பெருகிவிட்டது. விருந்தினர் வருகையும் கூடிவிட்டது. வீட்டை இடிக்க மனமில்லை, பெரிதாக்கியாக வேண்டும். இந்த நிலையில் கட்டடக் கலைஞர் ஒருவரை அழைத்தால் அவர் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். விரிவாக்கிய பின் வீடு எப்படித் தோற்றமளிக்கும் என்பது ஒன்று. புதிதாகச் சேரும் எடை எந்த வழியாக மண்ணைச் சென்றடையும் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு அழகான விடை கண்டு, இரண்டாவதைப் பாதியிலேயே விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, உலகிலேயே மிகவும் அறியப்பட்ட வீடொன்று சான்றாக நிற்கிறது. அது வாஷிங்டன் நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வாழும் வெள்ளை மாளிகை.

அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ஹோபன் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடப்படி 1792-இல் இதற்குக் கால்கோள் விழா நடந்தது. 1800-இல் ஜான் ஆடம்ஸ் இதில் முதன்முதலாகக் குடியேறினார். மாளிகையின் நீளம் 168 அடி, அகலம் ஏறத்தாழ 85 அடி. வெளிச்சுவர்கள் வர்ஜீனியா மாநிலத்து அக்வியா ஓடையருகே வெட்டியெடுத்த மணற்கல்லால் ஆனவை. அவற்றின் உட்புறம் செங்கல். மணற்கல் நுண்துளைகள் நிறைந்தது. அத்துளைகளில் நீர் புகுந்து குளிர்காலத்தில் உறைந்தால் கல் வெடிக்கும். இதைத் தடுக்கவே 1798-இல் சுண்ணாம்பு பூசினார்கள். மாளிகையின் வெண்மை அழகுக்காக வந்ததன்று. கல்லைக் காப்பதற்காக வந்தது.

1814 ஆகஸ்டு 24 அன்று ஆங்கிலேயப் படை இதற்குத் தீ வைத்தது. உள்ளிருந்த மரம் எரிந்து போயிற்று. கற்சுவர்கள் கரி படிந்து நின்றன. ஹோபனே மீண்டும் கட்டித்தர, 1817-இல் மாளிகை திரும்பவும் குடியிருப்பாயிற்று. தென் முகப்பின் தூண் மண்டபம் 1824-இலும் வட முகப்பினது 1830-ஐ ஒட்டியும் சேர்ந்தன. இன்று படங்களில் நாம் காணும் உருவம் அப்போது நிறைவடைந்தது.

சுமை செல்லும் பாதை

மேற்கொண்டு செல்லுமுன் இத்தகைய வீடு எப்படி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இக்காலப் பெருங்கட்டடங்களில் எஃகாலோ கான்கிரீட்டாலோ ஆன எலும்புக்கூடு எடையைத் தாங்குகிறது. சுவர் வெறும் போர்வை. ஹோபன் காலத்து வீட்டில் அப்படியன்று. அங்கே சுவர்தான் எலும்பு. தளத்தின் எடையை மர உத்திரங்கள் ஏற்று, இருபுறமும் உள்ள சுவர்களிடம் ஒப்படைக்கின்றன. சுவர் அதைக் கடைக்காலிடம் தருகிறது. கடைக்கால் மண்ணிடம் தருகிறது. இந்தத் தொடரில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டாலும் எடை மறைந்துவிடுவதில்லை. வேறு பாதை தேடிக்கொண்டு எப்படியும் கீழே வந்தே தீரும்.

இங்கே பலரும் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. சுவரைத் தடிமனாக்கினால் மண்ணின் மேல் அழுத்தம் குறையும் என்று தோன்றும். தன் சொந்த எடையைப் பொறுத்தவரை அது குறையாது. தடிமன் இருமடங்கானால் எடையும் இருமடங்காகும், தாங்கும் பரப்பும் இருமடங்காகும். இரண்டையும் வகுத்தால் பழைய அழுத்தமே வரும். ஒரு கன மீட்டர் செங்கற்கட்டு ஏறத்தாழ 1.9 டன் எடையுள்ளது. 15 மீட்டர் உயரச் செங்கற்சுவர் ஒன்று, எவ்வளவு தடித்ததாயினும், தன் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 28 டன் அழுத்தம் தரும். மென்மையான களிமண் பாதுகாப்பாகத் தாங்கக்கூடியதோ சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன்தான். ஆகவே சுவரின் அடியை அகலமாக விரித்துக் கட்ட வேண்டும். நின்றால் புதையும் சேற்றில் பலகை போட்டு நடப்பதும் இதே தத்துவம்தான்.

வெள்ளை மாளிகை அப்போது களிமண் மேல் நின்றது. அதன் உட்சுவர்களுக்குப் போதிய அகலமுள்ள அடித்தளம் இருக்கவில்லை. ஆயினும் அது உடனே அமிழ்ந்துவிடவில்லை. ஈரக் களிமண்ணை அமுக்கினால் அதனுள் உள்ள நீர் மிக மெதுவாகத்தான் வெளியேறும். நீர் வெளியேற வெளியேறக் களிமண் சுருங்கி, மேலுள்ள சுவர் இறங்கும். இதற்குப் பத்தாண்டுகளும் ஆகலாம், நூறாண்டும் ஆகலாம். தவறான கட்டடம் தன் தவறை உடனே காட்டிக் கொடுப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிராகரிக்கப்பட்ட வரைபடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாளிகையில் நெருக்கடி தாளவில்லை. குடும்பம் வாழும் மேல்தளத்திலேயே ஒரு கோடியில் நாட்டின் தலைமை அலுவலகமும் நடந்துவந்தது. குடியரசுத் தலைவர் ஹாரிசனின் மனைவி கரோலின், பிரெடரிக் ஓவன் என்பவரைக் கொண்டு ஒரு பெருந்திட்டம் தீட்டுவித்தார். ஒரு பக்கம் அலுவலகம், மறுபக்கம் கலைக்கூடம், பின்புறம் செடிகளுக்கான கண்ணாடி வீடு, நடுவே முற்றம். காங்கிரசு பணம் ஒதுக்கவில்லை. 1900-இல் மாளிகையின் நூற்றாண்டு விழாவில், பொதுக் கட்டடங்களின் பொறுப்பாளரான பிங்காம் என்ற படை அதிகாரி ஒரு மாதிரியுருவைக் காட்சிக்கு வைத்தார். பழைய வீட்டின் இருபுறமும் குவிமாடத்துடன் கூடிய பெரிய வட்டக் கட்டடங்கள்! அவ்வேளையில் வாஷிங்டனில் கூடியிருந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தினர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். பழைய வீடு நடுவில் சிறுத்துப் போகும் என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதமே. திட்டம் கைவிடப்பட்டது.

1901-இல் பதவியேற்ற தியோடோர் ரூஸ்வெல்ட்டுக்கு ஆறு குழந்தைகள். அவர் அழைத்தது சார்லஸ் மெக்கிம் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரை. மெக்கிமின் திட்டம் முன்னவர்களின் திட்டங்களுக்கு நேர் எதிரானது. வீட்டின் வெளித்தோற்றத்தில் அவர் கைவைக்கவில்லை. தாமஸ் ஜெஃபர்சன் தம் காலத்தில் வீட்டின் இருபக்கமும் அமைத்திருந்த தாழ்ந்த தூண் வரிசைகளையே அவர் பயன்படுத்திக்கொண்டார். மேற்கே இருந்த கண்ணாடிச் செடிவீடுகளை அகற்றி, தூண் வரிசையின் கோடியில் அலுவலகத்தைத் தாழ்வாகக் கட்டினார். அது 'தற்காலிக' அலுவலகம் என்றே சொல்லப்பட்டது. இன்றைய மேற்குப் பகுதி அதிலிருந்து வளர்ந்ததே. கிழக்கே விருந்தினர் நுழையும் வாயிலை அமைத்தார். எதுவும் மூல வீட்டின் உயரத்தோடு போட்டியிடவில்லை. பழைய வீட்டோடு புதியதைச் சேர்ப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் சொல்வது அரிது.

வேலை 1902 ஜூனில் தொடங்கி அவ்வாண்டு இலையுதிர்காலத்திற்குள் முடிக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 5,40,000 டாலர். நூறாண்டு வயதான வீட்டுக்கு இந்தச் சில மாத அவகாசம் மிகக் குறைவு. அவசரம் குடியரசுத் தலைவருடையது. அதற்கு விலை கொடுத்ததோ வீடு.

ஊஞ்சலாகத் தொங்கிய தளம்

அரசு விருந்தறை சிறியதாக இருந்தது. நூறு பேர் அமர வேண்டும் என்றார்கள். மெக்கிம் மேற்குப் பக்கத்துப் படிக்கட்டை எடுத்துவிட்டு, அறையை அந்த இடத்துக்கும் நீட்டினார். அதற்காக அவர் நீக்கிய சுவர், மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த சுவர். அதற்கு மாற்று என்ன? கூரைக்கு அடியிலுள்ள பரண் பகுதியில் முக்கோணங்களாக இணைத்த ஒரு சட்டகத்தை அமைத்து, அதிலிருந்து இரும்புக் கம்பிகளை இறக்கி, மேல்தளத்தை அவற்றில் தொங்கவிட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஊஞ்சலை நினைத்தால் போதும். ஊஞ்சற் பலகையில் ஒருவர் உட்கார்ந்தால் தரைக்குச் சுமை இல்லை. அவருடைய எடை சங்கிலி வழியாக மேலே ஏறி, உத்திரத்தை அடைந்து, உத்திரத்தின் இரு முனைகளிலுள்ள சுவர்களின் வழியே இறங்குகிறது. அதுபோலவே இங்கு தளத்தின் எடை முதலில் மேலே போயிற்று, பிறகு பக்கவாட்டில் போயிற்று, கடைசியில் மீதமிருந்த சுவர்களின் தலையில் இறங்கிற்று. முன்பு மூன்று சுவர்கள் பகிர்ந்துகொண்டதை இப்போது இரண்டு சுமந்தன. கூடவே சட்டகத்தின் சொந்த எடையும் சேர்ந்தது. அந்தச் சுவர்களின் கீழே களிமண் அமைதியாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

இதை மோசடி வேலை என்று சொல்வதற்கில்லை. தளத்தைத் தொங்கவிடுவது பொறியியலில் ஏற்கத்தக்க முறையே. ஆனால் அந்தப் பரணே ஒரு தளத்தைச் சுமக்கும் உறுப்பாக மாறிவிட்டது என்பதைப் பின்னால் வருபவர்கள் மறக்காமல் இருக்க வேண்டுமே! 1927-இல் கூலிட்ஜ் தலைவராக இருந்தபோது, பழுதுபட்ட மரக் கூரையை நீக்கி, அங்கே எஃகும் கான்கிரீட்டும் கொண்டு முழுமையான ஒரு மேல்தளம் எழுப்பினார்கள். தீப்பிடிக்காத தளம் என்ற வகையில் அது முன்னேற்றம்தான். ஆனால் எடையைப் பாருங்கள். மரப்பலகைத் தளம் சதுர மீட்டருக்கு 50 கிலோ அளவில் இருக்கும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் பலகம் 360 கிலோ. வயதான வீட்டின் தலையில் இரும்புத் தொப்பி வைத்தாற்போல் ஆயிற்று.

துளையிட்ட உத்திரங்கள்

இத்தனையும் பெரிய வேலைகள். ஆனால் உத்திரங்களுக்குக் கேடு வந்தது சின்ன வேலைகளால். 1833-இல் தண்ணீர்க் குழாய் வந்தது, 1848-இல் எரிவாயு விளக்கு, 1891-இல் மின்சாரம், பிறகு வெப்பக் குழாய்கள், குளியலறைகள். ஒவ்வொன்றும் வந்தபோது தொழிலாளர்கள் தங்கள் குழாய்க்கு வழிவிட உத்திரத்தைச் செதுக்கினார்கள்.

உத்திரத்தின் வலிமை அதன் ஆழத்தின் இருமடியைப் பொறுத்தது என்பது இயற்பியல் மாணவர்கள் வளைவுப் பாடத்தில் கற்பது. 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள உத்திரத்தில் 10 சென்டிமீட்டரைச் செதுக்கிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு வலிமைதானே போயிற்று என்று தச்சர் நினைப்பார். கணக்கு வேறு. மீதமுள்ள ஆழம் மூன்றில் இரண்டு. அதன் இருமடி ஒன்பதில் நான்கு. அந்த இடத்தில் பாதிக்கு மேல் வலிமை போய்விட்டது. வளையாமல் நிற்கும் விறைப்போ ஆழத்தின் மும்மடியைப் பொறுத்தது. அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். போதாக்குறைக்கு, வெட்டின் கூரிய மூலையில் தகைவு குவிந்து மரத்தை இழையோடு பிளக்கத் தொடங்கும். துணியில் சிறு வெட்டுப் போட்டுவிட்டுக் கிழித்தால் எளிதில் கிழிவதைப் போன்றது இது.

1945-இல் பதவிக்கு வந்த ட்ரூமன் இதன் விளைவைக் கண்ணால் கண்டார். தளத்தின் மேல் ஆட்கள் நடந்தால் கீழறையின் கொத்துவிளக்கு ஆடியது. நாம் நடக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். விறைப்பான தளத்தின் இயல் அதிர்வெண் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே நடையால் அது கலங்காது. தளம் தளரத் தளர அதிர்வெண் குறையும். மீள்தன்மையால் ஏற்படும் தொய்வு ஒரு சென்டிமீட்டர் என்றால் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 5. நான்கு சென்டிமீட்டர் என்றால் 2.5. அப்போது நடையின் தாளமும் தளத்தின் தாளமும் நெருங்கி, ஒத்ததிர்வு தலைகாட்டும். ஆகவே ஆடும் விளக்கைப் பேய் வேலை என்று சொன்னவர்களும் ஒரு வகையில் கருவி ஒன்றின் அளவீட்டைத்தான் கண்டார்கள்! குளித்துக்கொண்டிருக்கும்போதே தொட்டியோடு கீழே விருந்தினர் நடுவில் போய் விழலாம் என்று ட்ரூமன் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1948 கோடையில் அவர் மகளின் பியானோவின் கால் ஒன்று தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியபோது வேடிக்கை நின்றது. அவ்வாண்டு நவம்பரில் குடும்பம் எதிரேயுள்ள பிளேர் இல்லத்திற்குக் குடிபெயர்ந்தது.

இதில் ஒரு முரண். அதே 1948-இல்தான் தென் முகப்பின் தூண்களுக்கிடையே ட்ரூமன் ஒரு மேல்மாடம் கட்டுவித்தார். நுண்கலை ஆணையம் அதை விரும்பவில்லை; பத்திரிகைகளில் பெருஞ்சண்டை நடந்தது. அமெரிக்க 20 டாலர் நோட்டின் பின்புறப் படத்தையே அதற்காக மாற்றி வரைந்தார்கள். வெளியே ஒரு மாடத்தின் அழகு பற்றி நாடே வழக்காடிக்கொண்டிருக்க, உள்ளே உத்திரங்கள் முறிந்துகொண்டிருந்தன.

காப்பதா, இடிப்பதா?

ஆய்ந்த பொறியாளர்கள் சொன்னதன் சாரம் இது: வெளிச்சுவர்கள் நன்றாக உள்ளன, உட்சுவர்கள் அமிழ்ந்துகொண்டிருக்கின்றன, தளங்கள் பழக்கத்தால்தான் நிற்கின்றன. 1949-இல் காங்கிரசு ஓர் ஆணையம் அமைத்து 54 லட்சம் டாலர் ஒதுக்கியது. முழுவதும் இடித்துப் புதிதாகக் கட்டுவது மலிவு, எளிது. கற்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டுக் கழற்றி மறுபடி அடுக்குவது மற்றொரு வழி. ஆணையம் மூன்றாவதைத் தேர்ந்தது. வெளிச்சுவர்களை நின்ற இடத்திலேயே நிறுத்திவைத்து, உள்ளிருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே புதிய எஃகுக் கூடு கட்டுவது. மாளிகையின் கட்டடக் கலைஞர் லோரென்சோ வின்ஸ்லோ வரைபடங்களைத் தயாரித்தார்.

நிற்கும் சுவருக்கு அடியில் புதுக் கடைக்கால் எப்படிப் போடுவது? சுவரின் அடியில் நீளமாகத் தோண்டினால் சுவர் சரியும். ஆகவே இடைவிட்டு இடைவிட்டுச் சிறு குழிகளாகத் தோண்டினார்கள். ஒரு குழியின் மேலுள்ள சுவர்ப்பகுதி, தன் எடையை வில்வளைவு போல் இருபுறமும் பகிர்ந்து, தோண்டாத மண்ணின் மேல் நின்றுகொள்ளும். களிமண்ணைத் தாண்டி, ஏறத்தாழ 20 அடிக்கும் கீழேயுள்ள சரளைப் படுகையை எட்டியதும் குழியைக் கான்கிரீட்டால் நிரப்புவார்கள். அது இறுகியபின் அடுத்த குழி. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட குழிகள்! கெட்டியான சரளை, மென்களிமண் தாங்குவதைப் போல நான்கு மடங்கு தாங்கும். அதில் கசிந்து வெளியேறக் காத்திருக்கும் நீர்ச்சிக்கலும் இல்லை.

உள்ளே தளங்களை எடுத்த பிறகு நாற்புறச் சுவர்கள் மட்டும் வெற்றுப் பெட்டியாக நின்றன. தளங்கள் எடையைச் சுமத்துவதோடு, சுவர்கள் உள்ளே சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் செய்கின்றன. அவை போனதும் காற்றே ஆபத்து. ஆகவே முதலில் தற்காலிக எஃகுச் சட்டங்களால் சுவர்களை உள்ளிருந்து முட்டுக்கொடுத்தார்கள். மண் அள்ளும் இயந்திரத்தை உள்ளே கொண்டுபோகச் சுவரில் பெரிய வழி வெட்ட வேண்டும் என்றபோது ட்ரூமன் மறுத்துவிட்டார். இயந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி உள்ளே கொண்டுசென்று பூட்டினார்கள். ஆப்பி ரோ என்பவர் எடுத்த புகைப்படங்களில், வரலாற்றுப் புகழ்பெற்ற சன்னல்களுக்கு நடுவே புழுதியில் அந்த இயந்திரம் நிற்பதைக் காணலாம்.

பிறகு எழுந்த எஃகுக் கூடு தனக்கென்று அமைந்த கடைக்கால் மேல் நின்றது. இனிக் கற்சுவருக்குத் தன் எடையைத் தவிர வேறு சுமை இல்லை. இவ்விரண்டையும் இறுகப் பிணைத்துவிடவும் கூடாது. குளிர்பதனம் செய்யப்பட்ட உட்புறத்தில் எஃகின் வெப்பநிலை அதிகம் மாறாது. வெளிச்சுவரோ பனியையும் வெயிலையும் காண்கிறது. 168 அடி, அதாவது சுமார் 51 மீட்டர் நீளத்தில், 30 பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளம் மாறும். சிறிதளவுதான், விரிசல் விட அது போதும்.

கீழே இரண்டு அடித்தளங்கள் புதிதாகத் தோண்டப்பட்டன. வெளியே ஓர் அங்குலமும் கூடாமல், வீடு கீழ்நோக்கி வளர்ந்தது. இன்று ஆறு மட்டங்களில் 132 அறைகள் உள்ளன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1952 மார்ச் 27 அன்று ட்ரூமன் திரும்பக் குடியேறினார்.

காப்பாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாமா? எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஹோபனின் உட்சுவர்கள் போயின, உத்திரங்கள் போயின, அலங்காரச் சுதை வேலைகளில் மிகுதியும் குப்பையாயிற்று. செங்கற்களில் ஒரு பகுதி ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் இல்லத்துக்கு அனுப்பப்பட்டது. சில துண்டுகள் நினைவுப்பொருளாக விற்கப்பட்டன. எஞ்சியது மேற்றோலும் அதில் பழைய கற்தச்சர்கள் பொறித்த அடையாளங்களும்தான். 1902-இல் மாதங்களுக்குப் பதில் ஆண்டுகள் தந்திருந்தால், விருந்தறைச் சுவரை எடுத்த அன்றே அதன் கீழ்மண்ணையும் தோண்டிப் பார்த்திருந்தால், இவ்வளவு இழந்திருக்க வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது.

மீண்டும் ஒரு விரிவாக்கம்

2025 ஜூலையில் இவ்வீட்டுக்கு மற்றொரு விரிவாக்கம் அறிவிக்கப்பட்டது. 90,000 சதுர அடிப் பரப்பில் நடன விருந்து மண்டபக் கட்டடம். மூல மாளிகையின் பரப்பு 55,000 சதுர அடி. 1942-இல் கட்டப்பட்ட கிழக்குப் பகுதி இதற்காக 2025 அக்டோபரில் முழுவதுமாக இடிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வழக்குத் தொடர்ந்தது. 1900-இல் பிங்காமின் மாதிரியுருவைப் பார்த்துக் கட்டடக் கலைஞர்கள் எழுப்பிய அதே கேள்வி, சேர்ப்பது மூலத்தைவிடப் பெரிதாகலாமா என்பது, மறுபடியும் எழுந்தது. மெக்கிமின் வரைபடம் இதற்கு என்ன விடை சொல்லும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இரண்டாவது கேள்வியின் வடிவம் மட்டும் இம்முறை வேறு. புதிய கட்டடம் தன் எடையைத் தானே தாங்கும். பழைய சுவரின் மேல் ஏற்றாது. ஆனால் பழைய வீட்டின் பக்கத்தில் ஆழமாகத் தோண்டும்போது, அவ்வளவு காலம் மண்ணைப் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டிருந்த மண் அகற்றப்படுகிறது. குழியின் ஓரத்தைத் தடுப்புச் சுவரால் விறைப்பாகப் பிடிக்காவிட்டால் எஞ்சிய மண் மில்லிமீட்டர் கணக்கில் குழியை நோக்கி நகரும். குழியிலிருந்து ஊற்று நீரை இறைத்தால் பக்கத்துக் களிமண்ணிலிருந்தும் நீர் வடிந்து, அது இன்னும் கொஞ்சம் சுருங்கும். சரளைப் படுகையில் ஊன்றிய வெளிச்சுவர்களையும் எஃகுக் கூட்டையும் இது அவ்வளவாகத் தொடாது. களிமண்ணின் மேலேயே கிடக்கும் நடைபாதைகளும் தூண் வரிசைகளும் குழாய்களும்தான் முதலில் அதை உணரும்.